கரண்ட் அடித்து ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சா? மறுபடி ஆன் பண்ணாதீங்க!

கிள்ளானில் ஒரு சாயங்கால மழை. டமார்னு ஓர் இடி. கரண்ட் போய், திரும்பி வருகிறது. ஆனால் அக்காவின் கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் அசையவில்லை. படங்கள் போய்விட்டனவா? அவசியமில்லை. அடுத்து நீங்கள் செய்வதைப் பொறுத்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

மேசைக் கணினியின் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு வகை மின்சாரம் போகிறது: மோட்டாருக்கு 12 வோல்ட், மின்சுற்றுக்கு 5 வோல்ட். அளவு மீறினால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அடியில் உள்ள பச்சை நிறப் பலகைதான். உங்கள் படங்கள் அதில் இல்லை. உள்ளே சுழலும் தட்டுகளில் இருக்கின்றன.

இடி மின்னல் மட்டும் காரணமில்லை. 12 வோல்ட் ஹார்ட் டிஸ்க்கில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் சொருகினாலும் இதே கதிதான். முனை பொருந்துவதால் வோல்டேஜும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

சத்தத்தைக் கவனியுங்கள்

• சத்தமே இல்லை: பலகை பழுதாகியிருக்கலாம். வோல்டேஜ் எகிறும்போது மற்ற பாகங்களைக் காக்கும் சிறு டையோடு மட்டும் கருகியிருந்தால், மீட்பது ஓரளவு சுலபம்.

• 'டிக் டிக்' சத்தம்: தட்டைப் படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டு கீறப்படலாம்.

• சுழல்கிறது, ஆனால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது: வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகலெடுத்து, அந்த நகலில்தான் மீட்பு வேலை செய்ய வேண்டும்.

அதே மாடல் பலகையை மாற்றினால் போதுமா?

பழைய டிஸ்க்குகளில் சில சமயம் போதும். புதியவற்றில் பெரும்பாலும் போதாது. அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள சிறு சிப்பில் இருக்கும். அதையும் புதிய பலகைக்கு மாற்ற வேண்டும். ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கும் யோசனையை மறந்துவிடுங்கள். ஈரம்தான் உள்ளே சேரும்.

கடையில் என்ன கேட்கலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸோ புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவோ, எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்: "டிஸ்க் போனாலும் பரவாயில்லை, படங்கள்தான் வேணும்." பழுது பார்ப்பதும் தரவு மீட்பதும் வேறு வேறு வேலை. பரிசோதனைக்கு எவ்வளவு? தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? முனை மாற்றத் தூசியில்லாத அறை இருக்கிறதா? இவற்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த மழைக்கு முன்

உலகில் மின்னல் அதிகம் தாக்கும் இடங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. இடி கேட்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி இருக்கட்டும், அதுவும் வேறொரு வீட்டில் அல்லது கிளவுடில். இரண்டும் ஒரே பிளக்கில் இருந்தால், ஒரே இடியில் இரண்டும் போகும்.