அச்சில்லா அச்சு

பேராக் மாநிலத்தின் பீடோரில், ஈயச் சுரங்கமொன்றில், 1936-ஆம் ஆண்டு எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இத்தகைய உருவங்களைத் தென்னாசியரும் தென்கிழக்காசியரும் பெரிதும் மெழுகுவார்ப்பு முறையிலேயே ஆக்கினர். அம்முறையைச் சுவாமிமலைத் தபதியர் இன்றும் கைவிடவில்லை. தென்னை ஓலையை மடித்து அளவு வகுப்பர். அதற்கு ஒடியோலை என்று பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உறுப்புறுப்பாக உருவம் பிடிப்பர். (மலாய்க்காரர் 'டாமார்' என்னும் காட்டுப்பிசினும் குங்கிலியத்தின் இனமே.) இது கூட்டிச் செய்தல். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்திச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறும். அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்து, உளியாலும் அரத்தாலும் செதுக்கி முடிப்பர். இது குறைத்துச் செய்தல்.

ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பெற்ற உங்கு ஓமார் பொலிடெக்னிக் போன்ற நிறுவனங்களில் பொறியியல் பயில்வோர், ஒரு பொருளின் முன்மாதிரியை விரைந்து செய்து பார்க்க அறிய வேண்டிய வழிகளும் இவ்விரண்டே. கட்டியைக் கணினி ஆணைப்படி கடைந்தெடுக்கும் எந்திரத்தின் முன்னோடி, 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பெற்றது. ஒளியால் பிசினை அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்குச் சக் ஹல் 1984-இல் காப்புரிமை கோரினார். முன்னது வழவழப்பும் துல்லியமும் தரும். பின்னது உளி நுழையாத உட்குடைவுகளையும் ஆக்கும். ஆகவே ஒன்றில் வளர்த்து மற்றொன்றில் சீர்செய்வதும் உண்டு. நகைத்தொழிலிலோ மெழுகு மாதிரியையே எந்திரம் அடுக்கித் தருகிறது. அதன் பின்னர் நடப்பது பழைய வார்ப்புத்தான்.

இந்த அடுக்கு முறையை 'முப்பரிமாண அச்சு' என்கிறோம். அச்சு என்பது முதலில் வார்ப்புக்குரிய கருவைக் குறித்தது. எழுத்துகளை அவ்வாறு வார்த்து, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ்நூல் வெளியானது. பின்னர் அச்சு நூற்பதிப்புக்கும் பெயராயிற்று. இப்போதோ கருவே வேண்டாத எந்திரத்தின்மீது அப்பெயர் ஏறியிருக்கிறது! மாணவர் குழம்புவதற்கு இடமுண்டு. எனினும் இச்சொல்லை மாற்ற நான் விரும்பேன். நம் தோட்டத்துத் தமிழில் 'மரம் வெட்டுதல்' என்பது ரப்பர் மரத்தைச் சாய்ப்பதன்று, பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுப்பது. அதைக் கேட்டு எவரும் மயங்கியதில்லை. மாற்ற வேண்டியது 'கூட்டல் உற்பத்தி', 'கழித்தல் உற்பத்தி' என்னும் கணக்குப் பாடத் தொடர்களையே. வளர்த்தல், கடைதல், செதுக்கல் எனப் பட்டறையின் சொற்களே நம்மிடம் இருக்கின்றன.