எந்த அடுக்கைப் பிடித்து இழுப்பது? ஃபேஸ்லிஃப்ட்டின் நூறு வருடக் கதை

இன்னைக்கு டாபிக் ஃபேஸ்லிஃப்ட். வயசாகும்போது தொங்கிப்போற கன்னம், தாடையோரம், கழுத்து இதையெல்லாம் ஆபரேஷன் பண்ணி மேல தூக்குற சமாச்சாரம்.

நேயர் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். அவரோட அம்மாவுக்கு 57 வயசு. ஒரு கிளினிக்குக்குப் போய் விசாரிச்சிட்டு வந்திருக்காங்க. மினி லிஃப்ட், ஸ்மாஸ் லிஃப்ட், டீப் பிளேன் லிஃப்ட், த்ரெட் லிஃப்ட்னு ஹோட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு லிஸ்ட் கொடுத்து அனுப்பிட்டாங்களாம். "இதுல எது நல்லது ப்ரோ?"ன்னு கேட்டிருந்தார். நான் டாக்டர் இல்ல, கோடு அடிக்கிறவன். எது நல்லதுன்னு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு பெயரும் எப்போ வந்தது, எந்தப் பிரச்சினையைத் தீர்க்க வந்ததுன்னு வரலாறாப் படிச்சா, மெனு கார்டு தானாவே புரிய ஆரம்பிக்குது. மொத்தக் கதையும் ஒரே கேள்வியைச் சுத்தித்தான் போகுது: முகத்துல எந்த அடுக்கைப் பிடிச்சு இழுக்கணும்?

உலகத்துல முதல் ஃபேஸ்லிஃப்ட்டை யார் பண்ணினாங்க? இதுக்கே உறுதியான பதில் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ஹோலண்டர், 1901-லயே ஒரு போலந்து பிரபு குடும்பத்துப் பெண்ணுக்குத் தான் பண்ணிட்டதா எழுதினார். எப்போ எழுதினார்? 1932-ல. இன்னொரு ஜெர்மன் டாக்டர் எரிக் லெக்ஸர், 1906-ல ஒரு நடிகைக்குப் பண்ணினதா 1931-ல எழுதினார். முப்பது வருஷம் கழிச்சு கமிட் மெசேஜ் எழுதுற மாதிரி. ஏன் இவ்வளவு லேட்? நோயே இல்லாத உடம்புல, அழகுக்காகக் கத்தி வைக்கிறது அன்னைக்கு டாக்டர்கள் மத்தியில மரியாதைக் குறைவான வேலை. சிகாகோவுல சார்லஸ் மில்லர்னு ஒருத்தர் 1907-லயே அழகு அறுவை சிகிச்சைக்குன்னு தனிப் புத்தகம் போட்டார். சக டாக்டர்கள் பலர் அவரைப் போலி டாக்டர் கணக்குலதான் வெச்சாங்க.

அந்தச் சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. அப்போ சுருக்கத்துக்கு இருந்த இன்னொரு 'வைத்தியம்' பாரஃபின். ஆமா, மெழுகுதான். உருக்கி, ஊசியில ஏத்தி, தோலுக்கு அடியில விடுறது. போட்ட அன்னைக்கு முகம் வழவழன்னு இருக்கும். சில வருஷத்துல மெழுகு இடம் மாறும், இல்லன்னா கட்டி கட்டியா இறுகிடும். அதை எடுக்கப் போனா முகமே சிதையும்.

இந்தச் சூழல்லதான் நம்ம கதையோட நாயகி வர்றாங்க. சூசான் நோயல். 1878-ல பிரான்ஸ்ல பிறந்தவங்க. பெண்கள் சர்ஜன் ஆகுறதே அபூர்வமா இருந்த காலம். பாரிஸ்ல டாக்டருக்குப் படிச்சிட்டிருந்தப்போ, 1912 வாக்குல, ஒரு செய்தி அடிபடுது. பிரான்ஸோட பெரிய மேடை நடிகை சாரா பெர்னார்ட், அறுபது தாண்டினவங்க, அமெரிக்காவுல முகத்துக்கு ஏதோ ஆபரேஷன் பண்ணிட்டு இளமையா திரும்பியிருக்காங்கன்னு. தலைமுடிக்குள்ள ஒரு பட்டைத் தோலை வெட்டி எடுத்துட்டு இழுத்துத் தைச்சிருக்காங்க. நோயல் இதைக் கவனிச்சு ஒரு விஷயத்தைப் பிடிச்சாங்க. நெத்திப் பக்கம் சரியாயிருக்கு, ஆனா முகத்தோட கீழ்ப்பாதியில ஒண்ணும் மாறல. அப்போ எங்க வெட்டினா எங்க தூக்கும்? கண்ணாடி முன்னாடி நின்னு தன் முகத்துத் தோலையே விரலால கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாங்க. அப்புறம் முயல்கள் மேல தைச்சுப் பழகினாங்க. டெஸ்ட் என்விரான்மெண்ட்ல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் மனுஷங்க கிட்ட வந்தாங்க.

முதல் உலகப் போர்ல முகம் சிதைஞ்சு வந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த இப்போலீத் மொரெஸ்தாங்கிற சர்ஜன்கிட்ட நோயல் பயிற்சி எடுத்தாங்க. போர் முடிஞ்சதும் பாரிஸ்ல தன் வீட்டிலேயே ஆபரேஷன். காதுக்கு முன்னாடி, காதுக்குப் பின்னாடி, முடி ஓரத்துல சின்னச் சின்னதா தோலை வெட்டித் தைக்கிறது. கொகெய்ன் மாதிரி ஆபத்து இல்லாத புரோகெய்ன் மரப்பு ஊசி 1905 வாக்குலதான் வந்திருந்தது. அதனால மயக்கம் கொடுக்காமலே பண்ண முடிஞ்சது. முடிஞ்சதும் தொப்பியை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.

நோயல் 1926-ல ஒரு புத்தகம் போட்டாங்க. தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'அழகியல் அறுவை சிகிச்சை: அதன் சமூகப் பங்கு'. இந்தத் துணைத் தலைப்புதான் எனக்கு முக்கியமாப் படுது. அவங்ககிட்ட பணக்கார சீமாட்டிகளும் வந்தாங்க, சரி. ஆனா முகத்துல வயசு தெரியுதுங்கிறதால வேலை போனவங்க, போயிடுமோன்னு பயந்தவங்களும் நிறைய வந்தாங்க. கணவரைப் போர்ல இழந்து, முதல் முறையா சம்பாதிக்க வேண்டிய நிலைமைக்கு வந்த பெண்கள் லட்சக்கணக்குல இருந்த பிரான்ஸ் அது. நோயல் இதை வீண் அலங்காரமா பார்க்கல, பிழைப்புப் பிரச்சினையா பார்த்தாங்க. காசு இல்லாதவங்களுக்கு இலவசமாவும் பண்ணினாங்க. இதே ஆள் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினவங்க. சோரோப்டிமிஸ்ட் பெண்கள் சங்கத்தை 1924-ல பாரிஸ்ல ஆரம்பிச்சதும் அவங்கதான். பிரான்ஸ்ல பெண்களுக்கு ஓட்டு கிடைச்சது 1944-லன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

பெண்ணுரிமைப் போராளி ஒருத்தங்க ஃபேஸ்லிஃப்ட் பண்ணலாமா, வயசைக் குத்தமா பார்க்கிற உலகத்தைத் திருத்தாம முகத்தைத் திருத்துறது சரியான்னு கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா இண்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி தலைக்கு டை அடிக்கிற 45 வயசு சீனியர்களை நம்ம ஐடி துறையிலேயே பார்த்திருக்கேன். உலகம் திருந்துற வரைக்கும் அவங்க வீட்டு லோன் காத்திருக்காது. நான் நோயல் பக்கம்தான்.

சரி, டெக்னிக்கல் பகுதிக்கு வருவோம். நோயல்ல ஆரம்பிச்சு ஏறக்குறைய 1970 வரைக்கும் எல்லாரும் பண்ணினது ஒரே விஷயம்: தோலை இழுக்கிறது. எவ்வளவு அகலமா தோலைப் பிரிக்கிறாங்க, எங்க தையல் போடுறாங்கன்னு மாறிச்சே தவிர, இழுத்தது தோலைத்தான்.

இங்கதான் சிக்கல். மெத்தை நடுவுல அமுங்கிப் போயிருக்கு. நாம மேல விரிச்ச பெட்ஷீட்டை இன்னும் டைட்டா இழுத்துச் செருகுறோம். கொஞ்ச நேரம் சமமா தெரியும், மெத்தை அப்படியேதான் இருக்கும். மெட்டீரியல் சயின்ஸ் படிச்சவங்களுக்கு 'கிரீப்' ஞாபகம் இருக்கும். ஒரு பொருளைத் தொடர்ந்து இழுத்துப் பிடிச்சா அது மெல்ல மெல்ல நீண்டு கொடுத்துடும். தோல் அப்படித்தான். அதனால பலன் சீக்கிரமே தளர்ந்துடும். இன்னும் டைட்டா இழுத்தா? புயல் காத்துல நிக்கிற மாதிரி முகம், அகலமாகிப்போன தழும்பு, கீழ இழுபட்ட காது மடல். 'பிளாஸ்டிக் சர்ஜரி மூஞ்சி'ன்னு நாம கிண்டல் பண்றோமே, அதுல பெரும்பங்கு தோலுக்கு அதோட சக்திக்கு மீறின சுமையைக் கொடுத்ததால வந்தது. பக் பேக்-எண்ட்ல இருக்கும்போது ஃப்ரண்ட்-எண்டை மட்டும் மாத்திட்டே இருந்த கதை.

மாற்றம் ஸ்வீடன்ல ஆரம்பிச்சது. டோர்ட் ஸ்கூக்கிற சர்ஜன், தோலைத் தனியா பிரிக்காம அதுக்கு அடியில இருக்கிற அடுக்கோட சேர்த்துத் தூக்குற முறையை 1974-ல தன் புத்தகத்துல விளக்கினார். ரெண்டு வருஷத்துல, 1976-ல, பாரிஸ்ல விளாடிமிர் மிட்ஸ், மார்ட்டின் பெய்ரோனிங்கிற ரெண்டு பேர் இறந்தவங்க உடல்களை அறுத்து ஆராய்ஞ்சு அந்த அடுக்கைத் தெளிவா வரைஞ்சு பெயரும் வெச்சாங்க. அதுதான் ஸ்மாஸ். முகத்தோட உணர்ச்சிகளைக் காட்டுற தசைகளை ஒண்ணா இணைக்கிற, நார்போல வலுவான ஒரு படலம். கீழ கழுத்துத் தசை வரைக்கும் போகும், மேல நெத்திப்பொட்டு வரைக்கும் போகும். தோல் மாதிரி ரப்பர் குணம் இதுக்குக் குறைவு. இதைத் தூக்கித் தைச்சா சுமையை இது தாங்கும். தோலை மேல இழுக்காம சும்மா படிய வெச்சா போதும்.

அப்போ அறுபது வருஷமா ஏன் யாரும் அங்க போகல? பயம். காதுக்குக் கீழ இருந்து கிளம்பி, கிளை கிளையா பிரிஞ்சு, கண்ணை மூட, சிரிக்க, உதட்டை அசைக்கக் கட்டளை கொண்டு போற முக நரம்பு, அந்தப் படலத்துக்கு அடியில ஓடுது. தப்பா ஒரு வெட்டு விழுந்தா வாய் ஒரு பக்கம் கோணிடலாம். அதனால வரைபடம் கிடைச்ச பிறகுதான் சர்ஜன்களுக்கு அந்த இடத்துக்குள்ள போக தைரியம் வந்தது.

மெனு கார்டோட பாதி இப்போ புரிஞ்சிருக்கும். ஸ்மாஸ் லிஃப்ட்னா அந்தப் படலத்தை மடிச்சுத் தைக்கிறது, இல்லன்னா ஒரு பட்டையை வெட்டி எடுத்துட்டு இணைக்கிறது. மினி லிஃப்ட்னா சின்ன வெட்டு, குறைவான பிரிப்பு, சீக்கிரம் ஆறும். தாடையோரம் லேசா தளர்ந்தவங்களுக்குப் பொருந்தும், கழுத்து நல்லா தொங்கிட்டா போதாது. த்ரெட் லிஃப்ட்ல வெட்டே இல்ல. முள் வெச்ச நூலை ஊசியால உள்ள செலுத்தி இழுக்கிறது. அதிகமான தோல் எங்கேயும் போகாது, பலனும் குறைஞ்ச காலம்தான். இதை சர்ஜரிக்கு மாற்றுன்னு விக்கிறது எனக்கு ஒப்புதல் இல்ல.

டீப் பிளேனுக்கு வருவோம். முகத்தோட மென்மையான பகுதிகளை எலும்போட கட்டிப்போட்டு வெச்சிருக்கிற தசைநார்கள் இருக்கு. கூடாரத்துக்கு ஆணி மாதிரி. டேவிட் ஃபர்னாஸ் 1989-ல கன்னத்துல இருக்கிற இந்த ஆணிகளை விவரிச்சார். அதை விடுவிக்காம இழுத்தா கன்னத்தோட நடுப்பகுதி நகராது. அடுத்த வருஷமே, 1990-ல, அமெரிக்க சர்ஜன் சாம் ஹாம்ரா, ஸ்மாஸுக்கு அடியில போய் தோல், கொழுப்பு, படலம் மூணையும் ஒரே கனமான துண்டா தூக்குற டீப் பிளேன் முறையை வெளியிட்டார். இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல புதுசு மாதிரி ஓடுற டீப் பிளேன், என்னைவிட வயசுல மூத்தது.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஹாம்ரா தன் நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சார். கன்னக் கொழுப்பைத் தூக்கி வெச்சது ஆரம்பத்துல அழகா இருந்து, காலப்போக்குல திரும்ப இறங்கினதைப் பார்த்தார். 2002-ல கட்டுரையோட தலைப்புலயே, குறுகிய கால வெற்றி, நீண்ட கால தோல்வின்னு எழுதினார். தன்னோட பெயரைப் பிரபலமாக்கின வேலையைத் தானே ரிவ்யூ பண்ணி ரிஜெக்ட் பண்ற மனசு எத்தனை பேருக்கு வரும்?

அதே சமயத்துல இன்னொரு பரிசோதனையும் நடந்தது. ஒரே மாதிரி இரட்டையர் ரெண்டு ஜோடி. நாலு பேர். நாலு பிரபல சர்ஜன்கள், ஆளுக்கு ஒருத்தருக்கு, ஆளுக்கு ஒரு முறையில ஆபரேஷன் பண்ணினாங்க. ஹாம்ராவும் அதுல ஒருத்தர். ஒரே மரபணு, வேற வேற டெக்னிக். இதைவிட நல்ல ஏ-பி டெஸ்ட் கிடைக்குமா? பத்து வருஷம் வரைக்கும் போட்டோ எடுத்து 2009-ல வெளியிட்டாங்க. இதுதான் ஜெயிச்சதுன்னு அடிச்சுச் சொல்ற மாதிரி எந்த முறையும் தனியா நிக்கல. நாலு பேர் மட்டும்தான், அதை வெச்சுப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. ஆனா 'எங்க முறைதான் பெஸ்ட்'னு விளம்பரம் வரும்போது இதை நினைச்சுக்கலாம். பெயரைவிட, அந்தக் கையை நம்பலாமாங்கிறதுதான் பெரிய கேள்வி.

இன்னொரு திருப்பமும் இருக்கு. முகம் தொங்க மட்டும் செய்யல, வத்தவும் செய்யுது. 2007-ல ரோட்ரிச், பெஸ்ஸா ரெண்டு பேரும் இறந்தவங்க முகத்துல சாயம் ஏத்திப் பார்த்து, முகக் கொழுப்பு ஒரே படுகையா இல்ல, தனித்தனி அறைகளா பிரிஞ்சிருக்குன்னு காட்டினாங்க. வயசாகும்போது ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மாதிரி மாறுது. அடியில எலும்பும் தேயுது. அதனாலதான் இப்போ பல சர்ஜன்கள் தூக்குறதோட நிறுத்தாம, வயித்துலயோ தொடையிலயோ இருந்து எடுத்த சொந்தக் கொழுப்பைக் கன்னத்துல நிரப்புறாங்க.

ஃபேஸ்லிஃப்ட் தொடாத விஷயங்களும் இருக்கு. கண் இமை, நெத்திக் கோடு, மேல் உதட்டுச் சுருக்கம், மங்கு இதுக்கெல்லாம் வேற வேற சிகிச்சை. "முகம் முழுக்கப் புதுசா ஆயிடும்"னு யாராவது சொன்னா, அப்பவே எழுந்து வந்துடலாம்.

ஆபத்துகளைப் பத்தியும் சொல்லணும். அதிகமா வர்றது தோலுக்கு அடியில ரத்தம் கட்டுறது. பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள்ள வரும். பிரஷர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். காது மடல் மரத்துப்போறது நடக்கும். முக நரம்பு பாதிக்கிறது அரிது, பாதிச்சாலும் பெரும்பாலும் சில மாசத்துல திரும்பிடும், ஆனா எல்லாருக்கும் இல்ல. சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத் தூக்கின தோல் ரத்த ஓட்டம் கிடைக்காம அழுகிப்போற ஆபத்து பல மடங்கு. அதனால பல வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. நம்ம மாதிரி கருத்த தோலுக்குத் தழும்பு தடிக்கிறதும் கருப்பாகிறதும் கூடுதல். உங்க அம்மாவுக்குப் பழைய காயமோ காது குத்தின இடமோ தடிச்சுக் கட்டியா ஆன வரலாறு இருந்தா, சர்ஜன்கிட்ட முதல்ல அதைச் சொல்லச் சொல்லுங்க ப்ரோ. கூடவே கேட்க வேண்டியவை: எந்த அடுக்கைத் தூக்கப் போறீங்க, ஏன்? ராத்திரி ரெண்டு மணிக்கு முகம் வீங்கினா யார் வருவாங்க? பண்ணி அஞ்சு வருஷம் ஆனவங்க போட்டோ இருக்கா? ஒரு மாசப் போட்டோவுல எல்லா டெக்னிக்கும் அழகாத்தான் இருக்கும்.

நோயலோட குரு மொரெஸ்தாங்கை முதல் உலகப் போர் நடக்கும்போது பாரிஸ் போய்ப் பார்த்த ஹரோல்ட் கில்லீஸ், அப்புறம் இங்கிலாந்துல சிட்கப் ஊர்ல முகம் சிதைஞ்ச சிப்பாய்களுக்குன்னே நடந்த மருத்துவமனையில என்ன பண்ணினார்ங்கிறது தனிக் கதை. அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.