மூடிய மன்றமும் மூடாத ஏடும்

யாழ்ப்பாணத்து நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படும் சிறுவனுக்குரிய சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைச் சிறுவர் எனவும், 14 முதல் 16 வயதுக்குட்பட்டோரை இளம் ஆட்கள் எனவும் வகுத்தது. அதற்கு முன்பிருந்த 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றத்திற்குப் பொறுப்பாக்க இடமளித்திருந்தது. அவ்வெல்லை 12 ஆக உயர்ந்தது 2018இலேயே என்பது வியப்புக்குரியது.

1939இன் சட்டம் இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றி எழுந்தது. சிறுவர் வழக்கு வேறிடத்திலோ வேறு வேளையிலோ விசாரிக்கப்படல் வேண்டும். பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை ஆகியன பத்திரிகையில் வெளிவருதல் ஆகாது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் மறைத்தல் வேறு, அழித்தல் வேறு. வழக்கேட்டையும் பொலிஸ் பதிவையும் குறித்த காலத்தின்பின் அழித்துவிடுமாறு பணிக்கும் கடப்பாடு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. ஒருவர் செய்தி ஒருநாட்பொழுதில் ஊரெங்கும் பரவும் குடாநாட்டில் பத்திரிகையின் வாயை மட்டும் அடைப்பதாற் பெரும்பயன் விளையுமோ என்பது ஐயமே.

அச்சுவேலியிலுள்ள சான்றுபெற்ற பாடசாலையை நோக்கின் இச்சிக்கல் தெளிவாகும். சிறையன்று, பாடசாலை என்பதே அதன் பெயரின் உட்கிடை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்குரியனவாயின. நீதிமன்றமும் பொலிஸ் ஏடும் கொழும்பின் ஆட்சியிலேயே இருந்து வருகின்றன. பிள்ளையைத் திருத்துவது ஒரு கை, அவன் பிழையைக் காத்து வைப்பது மறு கை. பின்னாளில் வெளிநாடு செல்லவோ வேலை பெறவோ பொலிஸ் சான்றிதழ் வேண்டி நிற்கும்போது அம்மறு கையிடமே அவன் செல்லவேண்டியிருக்கும்.

இங்கிலாந்து 1974இல் குறித்த காலம் கடந்த பல தீர்ப்புகளை இல்லாதன போற் கருதச் சட்டம் செய்தது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றத்திற்காகப் பெரியோர்போல் விசாரிக்கப்பட்ட 16 வயது நிரம்பியோர் நீங்கலாக, ஏனையோரின் பதிவுகளை அழிக்கவே பணிக்கின்றது. 1933ஐப் பின்பற்றிய இலங்கை 1974ஐப் பின்பற்றவில்லை. இங்குள்ள வழியெல்லாம் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவே: குற்றம் நிரூபணமாயினும், குற்றத்தீர்ப்பு அளியாது விடுவிக்க நீதவானுக்கு அது அதிகாரமளிக்கின்றது. அது நீதவானின் தற்றுணிபைச் சார்ந்தது, பிள்ளையின் உரிமையன்று.

போர் பல ஏடுகளைத் தானே அழித்தது. கோட்டையை அண்டிய பழைய நீதிமன்றக் கட்டடங்கள் இடிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே பெயர்ந்தனர். ஆனால் போரே புதிய ஏடுகளையும் எழுதியது. 2009இன் பின் இயக்கத்திலிருந்து மீண்ட 594 பிள்ளைகள் அம்பேபுசையிலும் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் புனர்வாழ்வு பெற்று, 2010இல் வீடு சென்றனர். அவர்கள்மீது வழக்குத் தொடரப்படவில்லை, பாதிக்கப்பட்டோராகவே கொள்ளப்பட்டனர். இது பாராட்டத்தக்கதே. எனினும் வழக்கில்லாதவிடத்துத் தீர்ப்புமில்லை. தீர்ப்பில்லாத ஒரு பதிவை நீக்குமாறு எந்த நீதவானிடம் விண்ணப்பிப்பது என்பதற்கு 1939இன் சட்டத்தில் விடையில்லை.