உடைமையும் துய்ப்பும்: அசிசியார் வழியில் எழுந்த வழக்கு

செல்வத்தைப் பற்றிய கிறித்தவச் சிந்தனையில் தொடக்கம் முதலே இரு குரல்கள் ஒலித்து வருகின்றன. உள்ளதையெல்லாம் விற்று ஏழைகட்குக் கொடுத்துவிட்டுப் பின்தொடருமாறு செல்வ இளைஞனிடம் இயேசு கூறியது ஒன்று. உணவும் உடையும் இருந்தால் அதுவே போதும் என அமைதி கொள்ளச் சொல்லும், பவுலின் பெயரால் வழங்கும் திருமுகத்தின் குரல் மற்றொன்று. முன்னது துறவு, பின்னது மனநிறைவு. இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். ஒன்றல்ல என்பதை இத்தாலியின் அசிசி நகரில் தொடங்கிய ஒரு நெடிய வழக்கு காட்டிற்று.

துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த பிரான்சிஸ், 1206இல் ஆயரின் முன்னிலையில் தம் பணத்தையும், உடுத்தியிருந்த ஆடைகளையும் தந்தையிடமே திருப்பித் தந்து வெளியேறினார். பின்வந்த தோழர்களுக்கு அவர் வகுத்த வாழ்வு எளிது. கூலிக்குப் பணம் பெறலாகாது, உணவு பெறலாம், அதுவும் கிடைக்காத நாளில் இரந்து உண்ணலாம். இவ்வாழ்வு மிகக் கடினமாயிற்றே என ஆயர் வியந்தபோது, உடைமை இருந்தால் அதைக் காக்கப் படைக்கலமும் வேண்டுமே என அவர் மறுமொழி கூறியதாக அவருடைய தோழர்கள் எழுதி வைத்துள்ளனர்.

அத்தோழர்கள் விட்டுச் சென்ற குறிப்புகளில் என் மனத்தை விட்டகலாதவை இரண்டு. முதலாவது, மீன்கூடை பற்றியது. போர்சியுங்குலா என்னும் சிறு கோவிலைப் பெனடிக்ட் சபைத் துறவியர் அவருக்கு விலையின்றியே அளிக்க முன்வந்தனர். அவரோ ஆண்டுதோறும் ஒரு கூடைச் சிறுமீன்களை அவர்களுக்கு அனுப்பி வந்தார். இவ்விடம் எமதன்று, குடியிருக்கிறோம், அவ்வளவே என்பதற்கு அக்கூடையே சான்று. முத்திரையிட்ட ஓலை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டாவது, நூல்களை நேசிக்கும் நம்மைச் சற்றே உறுத்துவது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சங்கீதப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ள இசைவு கேட்டார். பிரான்சிஸ் தயங்கினார். இன்று இந்நூல் கேட்பாய். நாளை செப நூல் கேட்பாய். பின்னர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, உடன்பிறந்தானை ஏவி, என் நூலைக் கொண்டுவா என்பாய் என்றார். அவர் அஞ்சியது நூலை அன்று; 'என்' என்னும் சொல்லை.

கண்ணொளி மங்கி நோயுற்றிருந்த இறுதிக் காலத்தில், கதிரவனையும் நீரையும் உடன்பிறப்புகளாக விளித்து அவர் பாடிய பாடல் இத்தாலிய மொழியின் முதற் கவிதைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 1226இல் மறையும் முன் எழுதிய விருப்ப ஆவணத்தில், தம் விதிக்கு எவரும் உரை எழுதலாகாது எனக் கேட்டுக்கொண்டார்.

நான்கே ஆண்டுகளில் உரை பிறந்துவிட்டது. எழுதியவர் பகைவர் அல்லர். அவருடைய நண்பரும் காவலருமாக விளங்கிய போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரியே. விருப்ப ஆவணம் சபையைக் கட்டுப்படுத்தாது என 1230இல் அவர் தீர்ப்பளித்தார். சபையினர் பல்லாயிரவராகப் பெருகிவிட்டனர். நோயாளிக்குக் கூரையும் போதகருக்கு நூலும் வேண்டியிருந்தன. ஆகவே நண்பர் ஒருவர் அவர்கள் பொருட்டுப் பணத்தை வைத்திருக்கலாம் என வழி கண்டனர். 1245இல் சபையினர் கையாளும் பொருள்களின் உரிமை திருப்பீடத்துக்குரியது என்றாயிற்று. 1279இல் மூன்றாம் நிக்கோலாஸ் இதனை நுண்ணிய சட்ட மொழியில் நிறுவினார்: இவர்களுக்கு உடைமை இல்லை, உரிமை இல்லை, வெறும் துய்ப்பே உண்டு. மீன்கூடை சட்டப் பிரிவாக மாறிய கதை இதுதான்.

இச்சட்டத்தின் நிழலில் மடங்கள் வளர்ந்தன, களஞ்சியங்கள் நிறைந்தன. வறுமையை எழுத்துப்படி காக்க முனைந்தோர் 'ஆவிக்குரியோர்' எனப் பெயர் பெற்று ஒதுக்கப்பட்டனர். தோடி நகரக் கவிஞர் யாக்கொப்போனே அவர்களுள் ஒருவர். வழக்கறிஞராயிருந்து துறவு பூண்டவர். வறுமையைக் காதலியெனப் பாடியவர். எட்டாம் போனிபாஸ் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட போப்பாண்டவர் அல்லர் என்ற அறிக்கையில் 1297இல் கையொப்பமிட்டார். மறு ஆண்டு சிறைப்பட்டார். உலகோர் திரள் திரளாகப் பாவ மன்னிப்புத் தேடி உரோமைக்குச் சென்ற 1300ஆம் ஆண்டிலும் அவருக்கு மன்னிப்புக் கிட்டவில்லை. சிறையிலிருந்தே போப்பாண்டவரை விளித்துக் கவிதைகள் எழுதினார். போனிபாஸ் மறைந்த பின்னரே, 1303இல் விடுதலை பெற்றார். எல்லாவற்றையும் துறந்த இக்கவிஞரால் தம் சினத்தை மட்டும் துறக்க இயலவில்லை என்பது அவர் பாடல்களைப் படிப்போர்க்கு விளங்கும். அச்சினம் இல்லையேல் அப்பாடல்களும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் வந்தவர் இருபத்திரண்டாம் யோவான், சட்டத்தில் வல்லவர். குட்டையான ஒட்டுப்போட்ட அங்கியைக் களைய மாட்டோம், தானியம் சேமிக்க மாட்டோம் என மறுத்த துறவியருள் நால்வர் 1318இல் மார்செய் நகரில் எரிக்கப்பட்டனர். வறுமையை மிகுதியாக நேசித்தமைக்கு இப்படியும் ஒரு தண்டனை! 1322இல் அவர் விடுத்த ஆணையில்தான் புகழ்பெற்ற முட்டை வருகிறது. உண்டால் தீர்ந்துவிடும் முட்டையிலும் பாற்கட்டியிலும் ரொட்டித்துண்டிலும் துய்ப்பை மட்டும் துறவிக்குத் தந்துவிட்டு உடைமையைத் திருச்சபை எவ்வாறு வைத்துக்கொள்ள முடியும் என அவர் வினவினார். குதிரை கொள்ளைத் தின்கிறது, அதனால் கொள்ளுக்கு உரிமையாளர் ஆகிவிடுமா எனச் சபையின் வழக்கறிஞர் பொனகிராசியா மறுத்துரைத்தார். உவமையளவில் இவர் வென்றார் என்பேன். எனினும் முட்டை வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அறை நிறையப் பொருளை வைத்துக்கொண்டு, எதுவும் எமதன்று எனக் கூறுவோரின் போலிமையை அது நேராகவே தொட்டது. ஆனால் அடுத்த ஆண்டே அவர், கிறித்துவும் சீடரும் எதையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை எனப் பிடிவாதமாகச் சாதிப்பது சமயப் பகை என அறிவித்தார். சபைத் தலைவர் செசேனா மிக்கேலும் மெய்யியலார் ஒக்காம் வில்லியமும் 1328இல் அவிஞ்ஞோனிலிருந்து தப்பியோடிப் பேரரசர் லுத்விக்கிடம் அடைக்கலம் புகுந்தனர். இருவரும் மூனிக் நகரிலேயே மாண்டனர்.

வறுமையே ஓர் உடைமையாகிவிட்டது. அதைக் காக்கப் படைக்கலமும் தேவைப்பட்டது. மீன்கூடை அனுப்பியவரிடம் இருந்த அமைதி இரு தரப்பாரிடமும் இல்லை.

அசிசியில் 1228இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெருங்கோவிலில் பிரான்சிஸின் ஒட்டுப்போட்ட அங்கி காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அக்கோவிலின் உடைமை 1929ஆம் ஆண்டின் இலாத்தரன் உடன்படிக்கைப்படி திருப்பீடத்துக்குரியது. அவர் வழிவந்த துறவியர் அங்கே குடியிருக்கின்றனர்.