குளத்து நீரும் கமக்காரர் கூட்டமும்

எமது வீடுகளிற் பெட்டகத்துள் வைத்துப் பேணப்படும் பழைய காணி உறுதிகளை வாசித்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். காணியின் பெயரும் பரப்பும் நாற்றிசை எல்லைகளும் கூறப்பட்டபின், கிணற்றிற் பங்கு, வாய்க்காற் பங்கு, வழிப் பங்கு என்னும் சொற்கள் பெரும்பாலும் தொடர்ந்து வரும். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலம் ஒருவருடையதாயினும் நீர் ஒருவருடையதன்று. ஒரு கிணற்றுக்கு நால்வர் ஐவர் பங்காளராயிருந்து, இன்னார் இன்ன நாளில் இறைப்பதென முறை வகுத்துக் கொண்டனர். அம்முறையை எந்தக் கந்தோரும் வகுத்துக் கொடுக்கவில்லை. பங்காளரே கூடிப் பேசி வகுத்தனர்.

மிஷனரிமார் நிறுவிய கல்லூரியிலே கற்ற நாம், வரலாற்றுப் பாடத்தில் அரசர்கள் கட்டிய குளங்களின் பெயர்களை மனனஞ் செய்தோம். மகாசேனன் கட்டியது எது, பராக்கிரமபாகு கட்டியது எது என வினவினால் விடை கூறுவோம். ஆயின், அக்குளங்களில் நிறைந்த நீரை ஆண்டுதோறும் பங்கிட்டவர் யாவர் என்னும் வினாவை எம்மிடம் எவரும் கேட்கவில்லை; நாமும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அவ்வினா எம் மனத்தில் எழுந்தது. நீரையும் நிலத்தையும் பற்றிய திட்டங்களில் ஊராருக்கு எவ்வளவு இடம் இருந்தது, அவ்விடம் எப்போது பறிபோயிற்று, எப்போது மீண்டது என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை வழக்கம்

இலங்கையின் வரண்ட பிரதேசத்துக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையைத் தேக்கினாலன்றி ஏனைய மாதங்களில் மனிதருக்கும் மாட்டுக்கும் நீரில்லை. இதனாலேயே வன்னியிலும் அனுராதபுரப் பகுதியிலும் மட்டக்களப்பிலும் ஊர்தோறும் குளங்கள் எழுந்தன. இக்குளங்கள் தனித்தனி நிற்பனவல்ல. மேற்குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளம் நிறையும். மேல்வயலிற் கழிந்த நீர் கீழ்க்குளத்தைச் சேரும். இத்தொடர் அமைப்பை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஒரு குளம் தழைப்பதற்குக் கட்டும் துருசும் வானும் மாத்திரம் போதா. துருசை எந்நாளில் திறப்பது, விதைப்பை எந்நாளுக்குள் முடிப்பது, மூன்று மாத நெல்லை விதைப்பதா நாலு மாத நெல்லை விதைப்பதா, மாடுகளை எந்நாளில் வயல்வெளியினின்று அகற்றுவது, வேலியை யார் யார் எவ்வளவு தூரம் அடைப்பது என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். ஒருவன் பிந்தி விதைத்தால் அவனது ஒரு வயலுக்காகக் குளத்து நீரைப் பின்னும் திறந்துவிட நேரும். ஆகவே போகத் தொடக்கத்திலே கமக்காரர் கூடினர். கட்டுத் திருத்தும் வேலையும் வாய்க்கால் துப்புரவும் அவரவர் வயலின் அளவுக்கேற்பப் பகிரப்பட்டன. மட்டக்களப்பிலே இவற்றை மேற்பார்வை செய்தவர் வட்டை விதானை. அவருக்கு அறுவடையில் நெல்லே ஊதியம்.

இவ்வழக்கங்களுள் எம்மை மிகக் கவர்ந்தது வறட்சிக் காலப் பங்கு முறையாகும். சிறுபோகத்தில் குளத்து நீர் முழு வயலுக்கும் போதாதெனக் கண்டால், குளத்தை அடுத்த வயல்களை மட்டும் செய்கைக்கு ஒதுக்கி, அவற்றை எல்லாக் கமக்காரரும் தத்தம் உடைமைக்கேற்பப் பங்கிட்டுக் கொள்வர். சிங்களக் கிராமங்களில் இது 'பெத்ம' எனப்படும். குளத்தருகே வயல் வைத்திருப்பவன் அவ்வொரு போகத்துக்குத் தன் நிலத்தை அயலவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். நீர் குறையுங்கால் நில எல்லையும் நெகிழ்கின்றது. இதனினும் நுட்பமான திட்டமிடல் வேறுண்டோ?

இதைக் கூறும்போது பண்டைக் காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவது எமது கருத்தன்று. கூட்டத்திலே குரல் இருந்தது நிலம் உடையவனுக்கே. உழுது விதைத்த குத்தகைக் கமக்காரனுக்கும் கூலியாளுக்கும் அங்கே இடமில்லை. நாற்று நட்டுக் களை பிடுங்கிய பெண்களைக் கேட்டவரும் இல்லை.

சட்டம் புகுந்த வரலாறு

கோல்புறூக் ஆணைக்குழுவின் ஆலோசனையைத் தொடர்ந்து 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் வற்புறுத்தி வேலை வாங்கும் முறை ஒழிந்ததற்கு வருந்துவார் இலர். ஆயின், பொதுவேலைக்கு வர மறுப்பவனைத் தட்டிக் கேட்கும் அதிகாரமும் அதனுடன் மறைந்தது. கட்டுடைந்த குளங்கள் உடைந்தபடியே கிடந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன.

ஊவாவிலே உதவி அரசாங்க அதிபராயிருந்த பெய்லி என்பவர் 1855 ஆம் ஆண்டில் இக்கேட்டை எடுத்துக்காட்டி, பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளிக்குமாறு எழுதினார். தேசாதிபதி சேர் ஹென்றி வாட் அதனை ஏற்றார். 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நெற்காணி நீர்ப்பாய்ச்சல் பற்றிய பண்டை வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவதே அச்சட்டத்தின் வெளிப்படையான நோக்கம். புதிதொன்றைக் கற்பிக்க வந்த ஆட்சி, இவ்விடயத்தில் ஊராரின் வழக்கத்தையே சட்டமாக எழுத நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

எனினும் காலம் செல்லச் செல்லக் கூட்டத்தின் கை தளர்ந்து கந்தோரின் கை ஓங்கிற்று. 1900 ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. பெருங்குளங்கள் திருத்தப்பட்டமை அதன் நன்மை. குளம் அரசாங்கத்தினது, நீர் அரசாங்கத்தினது, ஆகவே காவலும் அரசாங்கத்தினது என்ற எண்ணம் கமக்காரரிடையே வேரூன்றியமை அதன் தீமை.

1958 ஆம் ஆண்டிலே பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானை முறையை நீக்கி, கமக்காரரால் தெரிவு செய்யப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகைக் கமக்காரனுக்கும் அதில் இடம் கிடைத்தது. 1972 ஆம் ஆண்டின் சட்டமோ அமைச்சரால் நியமிக்கப்படும் குழுக்களிடம் அதிகாரத்தைச் சேர்த்தது. 1979 ஆம் ஆண்டில் அவையும் மாற்றப்பட்டன. ஆட்சி மாறுந்தோறும் குழு மாறிற்று. தெரிவு, நியமனம் எனச் சட்டங்கள் ஊசலாடுகையில் வாய்க்காலில் நீர் வந்ததா என்பதை எவர் கவனித்தார்?

கல்லோயா கற்பித்த பாடம்

தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை 1949 ஆம் ஆண்டு தொடங்கிற்று. சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டம் அதுவே. அணையை வகுத்தவர்கள் ஆற்றின் அளவையும் மண்ணின் தன்மையையும் கணித்தனர். அப்பள்ளத்தாக்கில் முன்னரே வயல் செய்த தமிழரையும் முஸ்லிம்களையும், புதிதாகக் குடியேற வந்த சிங்களக் கமக்காரரையும் ஓரிடத்தில் இருத்தி, இந்நிலத்தை எவ்வாறு பகிர்வோம் என வினவினாரல்லர். நிலப் பங்கீடு மேலிருந்து வந்தது. அது வளர்த்த பகை 1956 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அப்பள்ளத்தாக்கிலே வன்செயலாய் வெடித்தது. தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அதனை மறைத்து இவ்வரலாற்றை எழுத எமக்கு மனம் இல்லை.

எழுபதுகளின் இறுதியில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்திருந்தன. கதவுகள் உடைக்கப்பட்டிருந்தன. தலைமடையார் வேண்டியவளவு நீரை எடுக்க, கடைமடையார் வானத்தைப் பார்த்திருந்தனர். தலைமடையார் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையாருள் தமிழர் பலர். பொறியியலாளர் கமக்காரரைக் குறை கூறினர். கமக்காரர் பொறியியலாளரைக் குறை கூறினர்.

அந்நிலையில், கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் ஒரு புது முயற்சியில் இறங்கின. 1981 ஆம் ஆண்டில் இளம் பட்டதாரிகள் சிலரைப் பயிற்றி ஊர்களிலே வாழ அனுப்பின. அவர்கள் கட்டளையிடச் சென்றவர்களல்லர். வீடு வீடாகச் சென்று கேட்டவர்கள். முதலிற் சங்கம் அமைப்போம் என்று அவர்கள் தொடங்கவில்லை. இவ்வாய்க்காலில் உங்களுக்குள்ள இடர் யாது, அதனை நீங்களே தீர்க்க வழியுண்டா என்று கேட்டனர். ஒரு வயல்வாய்க்காலைச் சேர்ந்த பத்திருபது கமக்காரர் கூடி, வாக்கெடுப்பின்றி, யாவரும் ஒத்துக்கொண்ட ஒருவரைத் தம் பிரதிநிதியாக்கினர். அப்பிரதிநிதிகள் கிளைவாய்க்கால் மட்டத்திற் கூடினர். பின்னர் திணைக்கள அதிகாரிகளுடன் சரிசமமாக அமர்ந்து பேசினர்.

அவ்வாண்டுச் சிறுபோகத் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்திலே நாலிலொரு பங்கு நீரே இருந்தது. சண்டைக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ? ஆயின், சில வாரங்களுள் கமக்காரர் பல்லாண்டு தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானத்தால் துப்புரவாக்கினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கடைமடைக்கு விட்டனர்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. வெளியார் திட்டம் முடிந்து போயிற்று. நாடு போரினால் பிளவுண்டு கிடந்தது. 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நெல் விளைவிப்பதற்கு நீர்த்தேக்கத்தில் நீர் போதாதென்று கமக்காரருக்கு அறிவிக்கப்பட்டது. அவர்களோ இருந்த நீரைச் சிக்கனமாகவும் சமமாகவும் பங்கிட்டு, 65,000 ஏக்கரில் வழக்கத்தினும் மேலான விளைவைக் கண்டனர். தலைமடைச் சிங்களக் கமக்காரரும் கடைமடைத் தமிழ்க் கமக்காரரும் அந்நீரைப் பகிர்ந்து கொண்டனர். 1956 ஆம் ஆண்டு குருதி சிந்திய அதே பள்ளத்தாக்கிலே இது நிகழ்ந்தது என்பதை நினைக்குந்தோறும் எமது உள்ளம் உருகுகின்றது.

கல்லோயா தந்த அனுபவம் கொள்கையையும் மாற்றிற்று. 1988 ஆம் ஆண்டில் பெரும் நீர்ப்பாசனத் திட்டங்களின் முகாமையிற் கமக்காரர் பங்குபற்றலை அரசாங்கம் கொள்கையாக ஏற்றது. 1991 ஆம் ஆண்டில் கமக்காரர் அமைப்புகள் சட்ட அங்கீகாரம் பெற்றன.

இரணைமடுவும் குடாநாடும்

இவை யாவும் கிழக்கின் கதையென யாழ்ப்பாணத்தார் ஒதுங்கியிருத்தல் தகாது. எமது சுண்ணக்கல் நிலத்தடியிலே நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஓர் எல்லை வகுத்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

குடாநாட்டின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கும்பொருட்டு 2010 ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் ஒரு திட்டம் ஏற்பட்டது. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்தின் கட்டை உயர்த்தி, அதிற் பெறும் நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணம் கொணர்வதே அதன் கருத்து. எமது தேவை உண்மையானது. ஆயின், சிறுபோகத்துக்கே நீர் போதாது பங்கு முறையில் விதைத்துவந்த கிளிநொச்சிக் கமக்காரர், தமது வயல் என்னாகும் என அஞ்சி எதிர்த்தனர். அவர்கள் அச்சமும் உண்மையானது. தமிழருக்கும் தமிழருக்குமிடையே நீரின் பொருட்டு மனக்கசப்பு வளர்ந்தது. ஈற்றில் இரணைமடு நீர் கைவிடப்பட்டு, தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

யார் சரி, யார் பிழை எனத் தீர்ப்புக் கூற நாம் துணியோம். ஒன்று மட்டும் கூறுவோம். வரைபடம் முடிந்தபின் ஊராரின் சம்மதம் கேட்பது வேறு. வரைபடம் தொடங்குமுன் ஊராரின் அறிவைக் கேட்பது வேறு. முன்னையதில் ஆம் அல்லது இல்லை என்னும் இரு விடைகளே உண்டு. பின்னையதிலேதான் விட்டுக்கொடுத்தலுக்கும் பங்கீட்டுக்கும் வழி பிறக்கும்.

எமது கடமை

கல்லோயாவில் ஊர் ஊராய் நடந்தவர்கள் எம் வயதையொத்த பட்டதாரிகளே என்பதை இளைஞராகிய நாம் மறத்தலாகாது. அவர்களிடம் பெருந்தொகைப் பணம் இருக்கவில்லை. கேட்கும் பொறுமை இருந்தது. எமது சங்கத்து இளைஞர்கள் வருகின்ற காலபோகத்திலே தத்தம் ஊர்க் கமக்காரர் கூட்டத்துக்கு ஒருமுறையேனும் சென்று, பின்வரிசையில் அமர்ந்து, அங்கு நடப்பதைக் கேட்பார்களாக. ஊர்க் கிணறுகளுள் எவை நல்லன, எவை உவர்த்தன, எந்த ஆண்டில் உவர்த்தன என்பதைக் கொப்பியிலே எழுதி வைப்பார்களாக. அப்பதிவே நாளைய திட்டத்துக்கு நாம் கொண்டு செல்லும் சான்றாகும்.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பங்குக் கிணற்றின் முறையும், குளக்கட்டு வேலையின் கணக்கும், மழை பொய்த்த ஆண்டுகளில் நீங்கள் சமாளித்த வகையும் உங்கள் நினைவிலேயே இருக்கின்றன. அவற்றை எமக்குச் சொல்லுங்கள். குறைகளையும் மறையாது சொல்லுங்கள். அன்று கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இனி உள்ளே அமர வேண்டுமன்றோ?

நீர் பள்ளம் நோக்கி ஓடுவது இயற்கை. கடைமடைக்கும் அது சேர்வது மனிதர் கூடிச் செய்யும் ஏற்பாடு. அவ்வேற்பாட்டிலே எமது தலைமுறையும் தன் பங்கைச் செய்யுமாக.