மது, அபினிவகைச் சார்புநோய்: அறிதலும் சிகிச்சையும்

மதுவையோ, அபினியிலிருந்து கிடைக்கும் அல்லது அபினியைப் போல மூளையில் செயல்படும் மார்பின், ஹெராயின், டிரமடால், டபென்டடால் முதலிய பொருள்களையோ தொடர்ந்து பயன்படுத்தியதன் விளைவாக, தீங்கு கண்கூடாகத் தெரிந்த பின்னும் அவற்றைக் கட்டுப்படுத்த இயலாத நிலைக்கு ஒருவர் வந்துசேர்வது சார்புநோய் எனப்படும். மனவுறுதி இல்லாதவர்களுக்கே இது வரும் என்ற எண்ணம் தமிழகத்தில் இன்றும் வலுவாக உள்ளது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் உண்டாகும் மனநிலைப் பாதிப்புகளை மனநோயின் வரையறைக்குள்ளேயே வைத்து, அவற்றுக்குச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது.

ஏற்காடும் சேர்வராயன் மலையும் அடங்கிய சேலம் மாவட்டத்துக்கு இப்பொருளில் தனி இடம் உண்டு. சி. இராசகோபாலாச்சாரியின் சென்னை மாகாண அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இம்மாவட்டத்தில்தான். அதற்கென இயற்றப்பட்ட சட்டம் மதுவோடு போதைப்பொருள்களையும் தழுவியிருந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, பின்னர் பலமுறை இறுகியும் நெகிழ்ந்தும், 2003 முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. இந்த நெடிய வரலாற்றில் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதே வாதமாக இருந்ததே தவிர, கடை மூடிய மறுநாள் காலையில் கை நடுங்க எழும் நோயாளிக்கு என்ன மருந்து என்ற கேள்வி போதிய கவனம் பெறவில்லை.

நோயை அறிவதற்கு உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மூன்று கூறுகளைக் காட்டுகிறது: எப்போது, எவ்வளவு என்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொழில், குடும்பம், உடல்நலம் அனைத்தையும் பின்தள்ளி அப்பொருளே முதலிடம் பெறுதல், உடல் அதற்குப் பழகிப்போதல். இவற்றுள் இரண்டு இருந்தாலே சார்புநோய் எனக் கருத இடமுண்டு. உடல் பழகுவதை இரு வகையில் காணலாம். முன்பு ஒரு குவார்ட்டர் தந்த போதைக்கு இப்போது இரண்டு தேவைப்படுவது தாங்குதிறன். நிறுத்தியதும் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, படபடப்பு தோன்றுவது விலகல் நிலை. எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாதவர் என்று ஊரார் ஒருவரைப் பாராட்டுவது பெரும்பாலும் நோய் முற்றி வருவதன் அடையாளத்தையே பாராட்டுவதாகும். பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் என்னும் வினாத்தாளில் 40க்கு 8 அல்லது அதற்கு மேல் பெறுபவரின் குடி தீங்கானது எனக் கொள்ளப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே இதைச் சில நிமிடங்களில் கேட்டு முடிக்கலாம்.

அபினிவகைப் பயன்பாட்டில் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், பகலிலேயே கண் சொக்குதல், மலச்சிக்கல், கையில் ஊசித் தழும்பு ஆகியவை தெரியும். மருந்து கிடைக்காதபோது கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், மயிர்க்கூச்செறிதல், எலும்புவலி, வயிற்றுப்போக்கு தோன்றும். வலிநிவாரணியான டபென்டடால் மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் வழக்கம் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களின் இளைஞர்களிடையே பரவியிருப்பதால், ஊசியைப் பகிர்வதன் வழி எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி ஆகிய தொற்றுகளும் உடன் வருகின்றன. மூச்சு மிகக் குறைந்து, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாதவருக்கு நாலாக்சோன் என்னும் முறிமருந்து உடனே வேண்டும்.

சிகிச்சையில் முதற்படி நச்சுநீக்கம். அபினிவகை விலகல் பெருந்துன்பம் தந்தாலும் உயிரைப் பறிப்பது அரிது. மது விலகல் அப்படியன்று. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாததைக் கண்டும் கேட்டும் பிதற்றும் சன்னி தோன்றலாம். ஏற்காட்டின் ஒண்டிக்கடை சந்திப்பிலிருந்து சேலம் நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருப்பதால், முன்பு வலிப்பு வந்தவர்களும் கல்லீரல் கெட்டவர்களும் மலையில் தனியாகக் குடியை நிறுத்திப் பார்ப்பது ஆபத்தானது. மருத்துவர் குளோர்டயசெபாக்சைடு அல்லது லோராசெபாம் தந்து அளவைப் படிப்படியாகக் குறைப்பார். மூளைச் சேதத்தைத் தடுக்க, குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி போடப்படும்.

அடுத்த கட்டத்தில் ஏக்கத்தைத் தணிக்க அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் ஆகிய மருந்துகள் உதவுகின்றன. டைசல்பிராம் அருந்தியவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரியும். ஆகவே அதையோ, விளம்பரங்களில் வரும் குடி மறக்கச் செய்யும் பொடிகளையோ நோயாளிக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பது, அன்பினால் செய்யப்பட்டாலும், உயிருக்கே கேடாகலாம். அபினிவகைச் சார்புக்கு நச்சுநீக்கம் மட்டும் போதாது. தாங்குதிறன் குறைந்த உடலோடு வீடு திரும்புபவர் பழைய அளவை எடுத்தால் இறக்க நேரிடும். அதனால் பியூபிரெனார்பின் அல்லது மெத்தடோன் தந்து நீண்டகாலம் நிலைப்படுத்தும் மாற்று மருந்துச் சிகிச்சையைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்கள் வழங்குகின்றன. ஒரு போதைக்கு மாற்றாக இன்னொன்று என்று இதைத் தூற்றுவோர் உண்டு; ஆயினும் இறப்பையும் தொற்றையும் குறைப்பதில் இதற்குள்ள சான்று வலுவானது.

மருந்தோடு குடும்பத்துக்கான ஆலோசனையும் சேர வேண்டும் என்பதைத் தமிழகத்தில் நிலைநாட்டியவர்களுள் சாந்தி ரங்கநாதன் முதன்மையானவர். கணவரைக் குடிநோய்க்கு இழந்த அவர் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், மனைவியரையும் பிள்ளைகளையும் சிகிச்சையின் பங்காளிகளாக்கியது.

சிகிச்சை எட்டாதபோது நேர்வதை அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சி 2024 ஜூனில் கண்டது: மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பாதிக்கப்பட்டோரில் பலர் சேலத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மதுச்சார்பு உள்ளவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனை எண் 14416 ஆகிய இரண்டிலும் கட்டணமின்றிப் பேசலாம். காபித் தோட்டங்களிலும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களிலும் வாழும் கூலித் தொழிலாளர்களுக்கு, ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் மாத்திரை வாங்கவும் மறுபரிசோதனைக்கு வரவும் ஏற்காட்டிலேயே வாய்ப்பு இருப்பது அந்த எண்களைவிட இன்றியமையாதது.