நிறை சொல்லாததை அடர்த்தி சொன்னது

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உயரத்துக்கு இவ்வளவு நிறை என்று வகுக்கப்பட்ட அட்டவணைக்கு ஐக்கிய அமெரிக்காவில் பெருமதிப்பு இருந்தது. அமெரிக்க உதைபந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட 25 வீரர்களை அதனோடு ஒப்பிட்டபோது, அவர்களில் 17 பேர் அளவுக்கு மீறிய நிறையுடையோர் எனக் கணிக்கப்பட்டனர். படைச்சேவைக்கும் முதற்தரக் காப்புறுதிக்கும் அவர்கள் தகுதியற்றவர்களாம்!

இந்த விந்தையை 1942 இல் வெளிக்கொணர்ந்தவர்கள் கடற்படை வைத்தியரான அல்பேட் பெங்கேயும் அவரது சகாக்களும் ஆவர். பெங்கேயின் அக்கறை விளையாட்டு வீரர்களிடமிருந்து தொடங்கவில்லை. 1939 இல் மூழ்கிய ஸ்குவாலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் மீட்புப் பணியில் ஈடுபட்டவர் அவர். ஆழ்கடலின் அமுக்கத்தில் சுழியோடியின் உடலில் நைதரசன் கரைகிறது. நீரைவிடக் கொழுப்பில் அது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகக் கரையும். விரைந்து மேலே வந்தால் அதுவே குமிழிகளாகி ஆளை முடக்கும், கொல்லவும் கூடும். ஆகவே, ஒரு சுழியோடியின் உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று. உயிருள்ள மனிதனில் அதை அளப்பது எவ்வாறு?

விடை ஆக்கிமிடீஸ் காலத்தது. ஒருவரை வெளியிலும், மூச்சை வெளிவிடச் செய்து நீருக்குள்ளும் நிறுக்க வேண்டும். வெளியில் 80 கிலோகிராம் நிறையுள்ளவர் நீருக்குள் 5 கிலோகிராம் காட்டினால், அவரது கனவளவு சுமார் 75 லீற்றர். அடர்த்தி சுமார் 1.067. நுரையீரலில் எஞ்சும் வளிக்கும் கழிவு கொடுக்க வேண்டும். கொழுப்பின் அடர்த்தி 0.90, கொழுப்பு நீங்கிய உடலின் அடர்த்தி ஏறத்தாழ 1.10. இவ்விரண்டுக்கும் இடையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதே கணக்கு. அவ்வீரர்கள் சராசரியாக 1.08 அளவில் நின்றனர். அட்டவணை கொழுப்பென்று கருதியது தசையே.

இதைச் சதவீதமாக்கும் சூத்திரத்தைப் பின்னர் தந்தவர் வில்லியம் சிரி. 1963 இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவின் துணைத்தலைவரும் அவரே. எனினும் முதியோரில் என்பு மெலிவதால் இச்சூத்திரம் கொழுப்பைக் கூட்டிக் காட்டிவிடும். (இன்று வைத்தியசாலைகளில் 'என்பு அடர்த்தி' என்று தரப்படுவது பெரும்பாலும் சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கே. கனவளவு அதில் இல்லாததால், பௌதிகவியலாளர் அதை அடர்த்தியென ஒப்பமாட்டார்.)

நீர்த்தொட்டி எல்லா ஊர்களுக்கும் போகவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெற்றலே வகுத்த நிறை-உயர விகிதத்துக்கு, 1972 இல் அன்சல் கீஸும் சகாக்களும் உடற்திணிவுச் சுட்டி என்று பெயரிட்டனர். தராசும் அளவுநாடாவும் போதும் என்பதால் அதுவே உலகெங்கும் பரவியது.

அதன் குறை நம்மவரிடம் மறுதலையாக வெளிப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2002 இல் சிங்கப்பூரில் கூடி இதனை ஆராய்ந்தது. ஒரே சுட்டியுடைய ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடம் பொதுவாகக் கொழுப்பு அதிகம். 25 ஐ எட்டுமுன்பே கணிசமானோருக்கு நீரிழிவு, இதயநோய் ஆபத்து மிகுகிறது. 2004 இல் வெளியான அறிக்கை, ஆசியருக்கு 23 இலிருந்தே கவனம் வேண்டும் என்றது. மெலிந்த கைகால்களும் சிறு வயிறும் கொண்ட நமது அலுவலக ஊழியரைப் பழைய அளவுகோல் சுகதேகி என்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கும். புதிய 23 உம் தராசும் அளவுநாடாவும் தந்த எண்தான்.